வெட்டிய புங்க மரமும் நான் எழுதிய ஆலமரமும்

பாவா,

சட்டையில் இன்னும் புங்க இலையின் பச்சை வாசனை அடிக்கிறது. அக்கா வீட்டு வாசலில் கிடந்த கிளைகளையெல்லாம் இழுத்து ஓரம் போட்டுவிட்டு, கே.ஜி.கண்டிகையிலிருந்து இப்போதுதான் திருத்தணி வந்து சேர்ந்தேன். உங்கள் மரம்தான். வெட்டச் சொன்னவன் உங்கள் மச்சான், நான்தான். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆன நாளில் நான் உங்களுக்குச் செய்த மரியாதை இது. த்தூ, எழுதவே கூசுகிறது.

நீங்கள் சர்க்கரை ஆலையில் கிளார்க், நான் பஜாரில் சேலைக் கடை. நம்மைச் சேர்த்து வைத்தது அக்காவின் கல்யாணம் பாதி, பழைய நாவல்கள் பாதி. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சர்ச்சிலிருந்து வந்ததும் மரத்தடியில் இரண்டு நாற்காலி விழும். டீயை வைத்துவிட்டு அக்கா, "ஆரம்பிச்சிட்டாங்கப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போவாள்.

எனக்கு நாவலில் மழை வந்தால் கதாநாயகி அழப்போகிறாள் என்று அர்த்தம். பெரிய வீட்டு மரம் சாய்ந்தால் அந்தக் குடும்பம் சாயப்போகிறது. இதைக் கண்டுபிடித்துச் சொல்வதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. நீங்கள் சிரிப்பீர்கள்.

"மச்சான், எங்க பைபிள்ல மரம் மூணாம் நாளே வந்துடுச்சு. மனுஷன் ஆறாம் நாள்தான் வர்றான். அவன் வர்றதுக்கு முன்னாடியே கடவுள் மரத்தைப் பாத்து நல்லா இருக்குதுன்னுட்டாரு. உன் ஹீரோயின் அழுவுறதுக்காக அது நின்னுகினு இல்ல."

நான் விடுவேனா? "அப்ப ஏதேன் தோட்டத்துப் பழ மரம்? அது மட்டும் அடையாளம் இல்லியா பாவா?"

"ஆங், அதுலயும் தப்பு பண்ணது நம்மாளுதான். மரம் இன்னா பண்ணுச்சு, பாவம்?"

உங்களுக்கு அது வாய்ப்பேச்சு மட்டும் இல்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் மனுஷனை அங்கே வைத்தார் என்பீர்கள். கிறிஸ்துமஸ் ஸ்டாரைக்கூட அந்த மரத்தில் ஆணி அடிக்காமல் கயிறு கட்டித்தான் தொங்கவிட்டீர்கள். வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வெயில் தாங்காமல் உள்ளே வந்து ஒதுங்கினால், உங்கள் நாற்காலியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் நின்றுகொண்டே பேசுவீர்கள்.

நினைவு நாளுக்கு ஃப்ளெக்ஸ் பேனர் வைக்கவேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது, வாசகம் எழுத என்னைத்தான் கேட்டார்கள். நாவல் படிக்கிறவன் இல்லையா! 'வேரோடு சாய்ந்த எங்கள் ஆலமரமே! உன் நிழலைத் தேடி வானமும் அழுகிறதே!' என்று எழுதிக் கொடுத்தேன். நீங்கள் படித்திருந்தால் டீ புரையேறியிருக்கும். உங்கள் படத்துக்குப் பின்னால் ஒரு பெரிய ஆலமரம், கீழே 'இவண்' என்று போட்டு என் பெயர், கூலிங் கிளாஸ் போட்ட என் போட்டோ.

நேற்றுக் காலை அக்கா கல்லறைக்கு ஜெபத்துக்குப் போயிருந்தாள். பேனர் கட்ட வந்தவர், "கிளை மறைக்குதுங்க, ரோட்ல போறவங்களுக்கு எழுத்து தெரியாது" என்றார். "கழிச்சிடுப்பா" என்றேன். யோசிக்கவே இல்லை பாவா. ரோட்டுப் பக்கம் மட்டும் என்றுதான் ஆரம்பித்தது. ஒரு பக்கம் மொட்டையாக நிற்பது அசிங்கமாக இருக்கிறது என்று மறுபக்கமும் வெட்டச் சொன்னேன். கிளை பேனர் மேல் விழாமல் நானே பிடித்துக்கொண்டேன்.

அக்கா ஆட்டோவை விட்டு இறங்கினாள். பேனரைப் பார்க்கவில்லை, மரத்தைத்தான் பார்த்தாள். அழுவாள், திட்டுவாள் என்று நின்றேன். "சாப்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

இன்று கிளைகளை அள்ளும்போது தயங்கித் தயங்கிச் சொன்னேன், "பேனரை எறக்கிடறேங்க்கா."

"இன்னாத்துக்கு? இருக்கட்டும். மரம் இன்னா ஆச்சுன்னு கேக்குறவங்களுக்கு நான் வாயைத் தொறந்து சொல்ல வேணாம் பாரு. கீழ உன் போட்டோ இருக்குது."

அந்த மரம் உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நின்றது, அவ்வளவுதான். அது போதாது என்று நான்தான் ஒரு ஆலமரத்தை அச்சடித்துக்கொண்டு வந்தேன். துளிர்க்கும் என்கிறார்கள். துளிர்க்கட்டும், அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

திரும்பி வர அந்த வாசலிலேயே பஸ்ஸுக்கு நின்றேன். உச்சி வெயில். துணி மூட்டையோடு ஒரு பெரியவர் ஒதுங்க இடம் தேடி இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, கடைசியில் பேனருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டார். அதன் நிழல் அவர் தோளுக்குக்கூடப் பத்தவில்லை. எட்டிப் பார்த்து, போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களா எழுதினது? நல்லா எழுதிகிறீங்க. நெழலுன்னு போட்டுகிறீங்க பாருங்க, அப்படியே மனசைத் தொடுது" என்றார்.

நான் அவருக்குக் கைகூப்பி நன்றி சொன்னேன், பாவா.