எண்ணெய்ச் சட்டி வைக்காத தீபாவளி

1935 அக்டோபர் 12, சனி

ஸ்ரீரங்கம். ஆபீஸ் அரை நாள். தெருவில் தீபாவளிப் பேச்சு ஆரம்பித்தாயிற்று. எந்தக் கடைப் புடவை, என்ன கரை — பெருமாளைப் பற்றிக்கூட இவ்வளவு பயபக்தியோடு பேசமாட்டார்கள்.

எதிர்வீட்டு வேதவதி மாமி வழிமறித்து, "ஊர் கூடிக் கொண்டாடினாத்தான் பகவானுக்குத் திருப்தி" என்றாள். பகவானுக்கா, மாமியின் புது அட்டிகைக்கா?

எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை. ஆனியில் தம்பி வரது விஷ ஜுரத்தில் போனான். வருஷம் திரும்பும்வரை வீட்டில் பட்சணத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது. ஒரு விதத்தில் நிம்மதி.

அக்டோபர் 16

சத்யபாமா இன்றும் இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அம்மா போனபோது வரது சின்னப் பையன். என் மனைவிதான் அவனை வளர்த்தாள். அவன் செத்த அன்றுகூட அவள் அழவில்லை. அன்றிலிருந்து பேச்சும் இல்லை. "சாதம் போடட்டுமா", "கதவைச் சாத்தட்டுமா", அவ்வளவுதான். இன்னும் இளைத்தால் என்ன செய்வேன்? யாரைக் கேட்பேன்?

அக்டோபர் 21

பண்டிகை இல்லாத வீட்டுக்குத் தெருவே பட்சணம் கொண்டுபோய்க் கொடுப்பது இங்கே வழக்கம். வரப்போகிறார்கள். போன வருஷம் சக்ரபாணி வீட்டில் பார்த்தேனே, அவர் தகப்பனார் காலமான வருஷம். ஒரு கையில் லாடு, மறு கையில் கண்ணைத் துடைக்கத் தலைப்பு. படி இறங்கியதும், அடுத்த வீட்டு லாடு சிறுத்துப்போச்சென்று சிரிப்பு. இதற்குப் பெயர் கைங்கர்யமாம்! துக்கத்தை வேடிக்கை பார்க்க ஒரு தட்டு முறுக்குதான் டிக்கெட். சத்யபாமாவைச் சுற்றி உட்கார்ந்து இவர்கள் உச்சுக் கொட்டுவதை நான் பொறுக்கமாட்டேன்.

அக்டோபர் 23

சொல்லிவிட்டேன். வேதவதி மாமியிடம்தான் — "ஒருத்தரும் எங்காத்துப் படி ஏறவேண்டாம். எல்லார்கிட்டயும் சொல்லிடுங்கோ." விளக்கு வைப்பதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மாமியின் வாய் முதல் தடவையாக ஓர் உபகாரம் செய்திருக்கிறது.

சத்யபாமாவிடம் சொல்லவில்லை. எதற்கு?

அக்டோபர் 25

பக்கத்தில் காவிரி ஓடுகிறது. நாளைக்கு ஊரே வீட்டு வெந்நீரில் குளித்துவிட்டு "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும். மூடக் கூட்டம்.

அக்டோபர் 26, தீபாவளி

விடியுமுன்பே வெடி. நான் எழுந்தபோது சத்யபாமா குளித்து, பழைய புடவையோடு ரேழியில் உட்கார்ந்திருந்தாள். வாசற்கதவு திறந்திருந்தது. பக்கத்தில், வருகிற பட்சணத்தை வாங்கிவைக்கத் துலக்கிய பித்தளைத் தாம்பாளங்கள், வெறுமனே. தெருவில் தட்டுகள் போவதும் வருவதுமாக இருந்தன. எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நடையை எட்டிப் போட்டார்கள்.

வெயில் ஏறிவிட்டது. "ஏன்னா, ஒருத்தரும் வரலையே" என்றாள். தாம்பாளத்தை நகர்த்திவிட்டு, "வரது போனது அவாளுக்கு மறந்தே போயிடுத்தா?"

ஐயோ, என்ன பண்ணிட்டேன்? தன்னோட சேர்ந்து அவனை நினைச்சுக்க நாலு பேர் வருவாளேன்னு காத்துண்டிருந்திருக்கா. அதைப்போய் நான் —

மேல்துண்டுகூட இல்லாமல் எதிர்வீட்டுப் படியேறினேன். "மாமி, நீங்க வரணும். எல்லாரும் வரணும்." குத்திக்காட்டப் போகிறாள் என்று நின்றேன்.

"உங்காத்துக்குன்னு தட்டெல்லாம் எடுத்து மூடி வெச்சிருக்கு, சௌரி. நீ சொல்லிட்டியேன்னுதான்..." சொல்லிக்கொண்டே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போய்விட்டாள்.

வந்தார்கள். நான் பயந்தபடியே சுற்றி உட்கார்ந்து உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி, தன் வீட்டுக் கொல்லையில் வரது மாங்காய் திருடி அகப்பட்டுக்கொண்டதைச் சொன்னாள். சத்யபாமா வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே ஒரு தேன்குழலை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றும் எடுத்தாள்.

"மாமி, உப்பு ஜாஸ்தி" என்றாள்.

வேதவதி மாமிக்கு முகம் சுண்டிப்போயிற்று. நான் கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதேன்.