குடித்தவர் என்று எழுதியிருக்கிறது

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
12.02.2024

ரபியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கவரில் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறாய் என்றால், அதற்கே நன்றி. போன் செய்திருக்கலாம். ஆனால் நாம் இருவரும் போனில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய பட்டாளத்துக்காரர்களுக்கு மருத்துவ அட்டை முகாம் போட்டிருந்தார்கள். நானும் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் என் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, பக்கத்து மேஜைக்குக் கேட்கும்படி, "அண்ணா, இவரு குடியால வெளிய வந்தவரு. இவருக்கு அட்டை உண்டா?" என்று சத்தம் போட்டான். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "தம்பி, நான் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்ல" என்றேன். அவன் கெட்டவன் இல்லை. "நான் என்ன சார் பண்றது, எழுதியிருக்கே" என்றான்.

எழுதியிருக்கிறது. அதைத்தான் மாற்றப் போகிறேன். சென்னையில் கிருத்திகா என்று ஒரு வக்கீல், ராணுவ வழக்குகள் பார்க்கிறவர். கேட்டுவிட்டு, என்னுடன் வேலை பார்த்தவர்களின் சாட்சியம் வேண்டும், அந்தக் காலத்தில் கூட வாழ்ந்த மனைவியின் பிரமாணப் பத்திரமும் வேண்டும் என்றார். தலாக் என்று நானும் சொல்லவில்லை, குலா என்று நீயும் கேட்கவில்லை. அதனால் அந்த மனைவி இன்றைக்கும் நீதான்.

நான் குடித்தவன் இல்லை என்று எழுதிக் கொடு. வேறெதுவும் கேட்கவில்லை.

கரீம் பாஷா

*

நாமகிரிப்பேட்டை
26.02.2024

அர்ஃபாவின் அத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நானும் நம் மகளும் சுகம். அர்ஃபாவுக்கு ராசிபுரத்தில் ஒரு இடம் கூடி வருகிறது. பையன் பெயர் அத்னான். அவனுடைய அத்தாவோடு ஜவுளிக் கடையைப் பார்த்துக்கொள்கிறான். அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இருபது வருடமாக வாய் திறக்காத மனிதர் இன்றைக்கு எழுதிக் கொடு என்கிறீர்கள். எதை வைத்து எழுதுவது? பட்டாளத்திலிருந்து நீங்கள் பெட்டியோடு வந்து இறங்கிய அன்றைக்கு அந்தப் புத்தகத்தை நான்தான் முதலில் பிரித்தேன். அதில் இங்கிலீஷில் இருந்ததை அடுத்த தெருப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பிறகு உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "குடிச்சீங்களா?" நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அடுத்த நாளும் பேசவில்லை. அடுத்த மாதமும் பேசவில்லை. என் அத்தா ஜமாஅத்துப் பெரியவர்களை அழைத்து வந்து, குர்ஆனைத் தொட்டுச் சொல்லுங்கள் என்றபோது, எழுந்து வெளியே போனீர்கள். அவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? ஆறு வயதுப் பிள்ளையோடு நான் எப்படி எடுத்துக்கொள்வது?

என் அண்ணன் இப்போது, "பத்திரிகையில அத்தா பேர் போட்டா மாப்பிள்ளை வீட்டுல கேள்வி வரும், என் பேரைப் போட்டுக்கலாம்" என்கிறார். நான் பதில் சொல்லவில்லை. உங்களிடமிருந்து கற்றுக்கொண்ட பழக்கம்.

லீவில் வந்துபோன மனிதரைத்தான் எனக்குத் தெரியும். மலைமேல் இருந்தவரைத் தெரியாது. நீங்கள் எனக்குச் சொல்லாததை நான் நீதிபதிக்கு எப்படிச் சொல்வேன்?

ரபியா

*

சேலம்
09.03.2024

ரபியா,

நீ கேட்டது நியாயம். சொல்கிறேன். ஆனால் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு படிக்காதே.

அந்த டிசம்பரில் நாங்கள் இருந்த பனிமலை எல்லைச் சாவடியில் மூச்சு வாங்காமல் பூட்ஸ் கயிறு கட்ட முடியாது. அவ்வளவு உயரம். குளிருக்கு எல்லோருக்கும் ரம் அளந்து கொடுப்பார்கள். வாங்கியதற்கு நானும் கையெழுத்துப் போடுவேன். வாங்கியதைக் கந்தவேலிடம் கொடுத்துவிடுவேன். மேச்சேரிக்காரன், நம் கல்யாணத்துக்கு ஒரு கிடா ஓட்டிக்கொண்டு வந்தானே, அவன்தான். பதிலுக்கு அவன் பங்குப் பால்பவுடர் எனக்கு வரும்.

பனிப்புயலில் ஹெலிகாப்டர் வருவது நின்றுபோனது. எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. நெற்றியில் வருகிற வலி இல்லை, மண்டைக்குள் யாரோ கடப்பாரை போடுகிற வலி. வாந்தி நிற்கவில்லை. கண் முன்னால் கந்தவேல் இரண்டாகத் தெரிந்தான். இப்படியே விட்டால் செத்துப்போவேன் என்று அவன் என் இடுப்பில் கயிறு கட்டிக் கீழே இறக்கினான். வழியில் என் கால் மரத்துப்போயிருந்ததைப் பார்த்து, பூட்ஸைக் கழற்றி ரம்மை ஊற்றித் தேய்த்தான். மிச்சத்தை நெஞ்சில் தேய்த்தான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அது.

கீழ் முகாமுக்கு வந்தபோது எனக்குக் கால் நிற்கவில்லை, நாக்கு குழறியது, உடம்பெல்லாம் ரம் வாடை. மருத்துவர் ஒரு தடவை பார்த்தார், குடிபோதை என்று எழுதினார். கந்தவேல் கத்தியிருக்கிறான். சிப்பாய் கத்தினால் யார் கேட்பார்கள்? அவனை மறுபடி மேலே அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பின்னால் வந்த ஒவ்வொருவரும் முதலில் எழுதியவரைப் பார்த்தே எழுதினார்கள். கடைசியில் பழகிய குடிகாரன், பணிக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது எனக்குச் சொல் சரியாக வராது. தண்ணீர் என்று சொல்ல நினைப்பேன், கதவு என்று வாயில் வரும். உன் பெயரைக் கூப்பிடப் பயந்தேன், வேறு பெயர் வந்துவிடுமோ என்று. அதனால்தான் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். சொல் திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் நீ போய்விட்டாய்.

பெரியவர்கள் சத்தியம் கேட்டது வேறு விஷயம். அன்றைக்கு எனக்கு நாக்கு நன்றாக இருந்திருந்தாலும் செய்திருக்க மாட்டேன். இன்றைக்கு வந்து கேட்டாலும் செய்ய மாட்டேன். திருடாதவன் ஏன் வேதத்தைத் தொட்டு நான் திருடன் இல்லை என்று சொல்ல வேண்டும்? ஊர் கேட்டது எனக்கு வலிக்கவில்லை. நீ கேட்டது வலித்தது. சொல் திரும்பிய பிறகும் நாமகிரிப்பேட்டைக்கு வராமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

இவ்வளவுதான். இதை வைத்து எழுத முடிந்தால் எழுது.

கரீம் பாஷா

*

நாமகிரிப்பேட்டை
21.03.2024

அர்ஃபாவின் அத்தாவுக்கு,

பிரமாணப் பத்திரம் இத்துடன் இருக்கிறது. ராசிபுரத்தில் நோட்டரியிடம் போய் எழுதினேன். அவர், "எனக்குத் தெரிந்த வரையில் என் கணவருக்குக் குடிப்பழக்கம் இல்லை" என்று டைப் அடித்து வைத்திருந்தார். முதல் மூன்று வார்த்தையை எடுங்கள் என்றேன்.

"அது சும்மா ஒரு பாதுகாப்புக்கும்மா. நாளைக்கு வேற மாதிரி நிரூபணம் ஆயிட்டா உங்களுக்குத்தான் சிக்கல்" என்றார்.

"சிக்கல் வந்தா நான் ஜெயிலுக்குப் போய்க்கிறேன். நீங்க எடுங்க" என்றேன்.

அண்ணனுக்குத் தெரிந்து பெரிய ரகளை. "இத்தனை வருஷம் உன்னையும் பிள்ளையையும் யாரு பாத்தது?" என்று கேட்டார். வந்து மூன்றாம் மாதத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டது என் தையல் மிஷின்தான் என்று சொன்னேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். கோபமும் வந்தது. நாக்கு வராவிட்டால் என்ன, கை இருந்ததே. ஒரு தலையசைப்பு போதாதா? இல்லை என்று ஒருமுறை தலையை ஆட்டியிருந்தால் நான் என் அத்தாவையே வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன். நான் கேட்டது சந்தேகத்தால் இல்லை. உங்கள் வாயால் இல்லை என்று கேட்டுவிட்டு மற்றவர்களோடு சண்டைக்குப் போகலாம் என்றுதான் கேட்டேன்.

பத்திரம் தந்துவிட்டதால் நான் சேலத்துக்கு வந்துவிடுவேன் என்று எண்ண வேண்டாம்.

ரபியா

*

சேலம்
14.12.2024

ரபியா,

முந்தாநாள் சென்னையில் விசாரணை. கந்தவேலும் வந்தான். மேச்சேரியிலிருந்து ராத்திரி பஸ் ஏறி, கசங்காமல் இருக்க வெள்ளைச் சட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தான். "ரம் வாங்கியதற்கு மனுதாரர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே" என்று அரசுத் தரப்பு வக்கீல் கேட்டார்.

"ஆமாங்க, வாங்குனது அவன் பேருலீங்க. குடிச்சது பூராவும் நானுங்க. என்னை வேணா குடிகாரன்னு எழுதிக்கோங்க, எங்க ஊட்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்க" என்றான். நீதிபதியே சிரித்துவிட்டார்.

மதியம் வெளியே அந்த வக்கீல் வந்து கிருத்திகாவிடம் சமாதானம் பேசினார். குடி என்பதை எடுத்துவிடுகிறோம், அந்த இடத்தில் 'உடல்நலக் குறைவு' என்று போட்டுக்கொள்கிறோம், வழக்கை இன்றே முடித்துக்கொள்ளலாம். கிருத்திகாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சார், ஒத்துக்குங்க. இது கிடைக்கிறதே பெரிசு. விட்டா வருஷக்கணக்கா இழுக்கும்" என்றார்.

"என்ன உடல்நலக் குறைவும்மா?"

"அது பொதுவா இருக்கும் சார்."

"பொதுவா இருந்தா ஊரு அதுல அதது இஷ்டத்துக்கு எழுதிக்கும். பனியில நின்னு வந்தது எனக்கு. அதை எழுதச் சொல்லுங்க. இல்லன்னா இப்ப இருக்கிறதே இருக்கட்டும், நான் சாகுற வரைக்கும் வந்துக்கிட்டே இருப்பேன்."

அவருக்கு என்மேல் கோபம். சாப்பிடக் கூப்பிட்டதற்குக்கூட வரவில்லை. ஆனால் மறுபடி உள்ளே போனதும் நான் சொன்னதைவிடப் பலமாக அவர்தான் பேசினார். புதிய மருத்துவக் குழு என்னை முழுதாகப் பரிசோதிக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார்.

உன் பத்திரத்தையும் நீதிபதி படித்தார். "மனைவி பிரிந்து வாழ்கிறார், இருந்தும் இப்படி எழுதியிருக்கிறார்" என்று சத்தமாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கந்தவேல் என் முதுகில் ஒரு குத்து விட்டான்.

தலையசைப்பைப் பற்றி நீ எழுதியதற்கு இத்தனை மாதமாகப் பதில் தேடினேன். கிடைக்கவில்லை.

கரீம் பாஷா

*

சேலம்
30.06.2025

ரபியா,

உத்தரவு வந்துவிட்டது. நகல் இத்துடன் வைத்திருக்கிறேன்.

சோதனைக்குப் போன இடத்தில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் நடுப்பகுதியில் புள்ளி புள்ளியாகப் பழைய ரத்தக்கசிவின் தழும்பு இருக்கிறதாம். குழுவில் ஒரு பெண் மருத்துவர் திரையைக் காட்டி, "இது குடியால வர்றதில்லைங்க. அந்த உயரத்துல மூளை வீங்கினவங்களுக்கு வர்றது. நீங்க உயிரோட இறங்கி வந்ததே பெரிசு" என்றார். மற்ற இருவரும் எதிர்ப்பேச்சு பேசவில்லை.

குடி என்ற சொல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அடிக்கப்பட்டு, பணியின்போது மலையுச்சியில் ஏற்பட்ட மூளை பாதிப்பு என்று எழுதப்பட்டுவிட்டது. கந்தவேலுக்குத்தான் முதலில் போன் செய்தேன். பின்னால் ஆடு கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. அழுகிறான் என்று தெரிந்தது.

இனி யாரும் எதுவும் சொல்ல முடியாது. உன் அண்ணனும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். வந்துவிடு.

கரீம் பாஷா

*

நாமகிரிப்பேட்டை
11.07.2025

அர்ஃபாவின் அத்தாவுக்கு,

அல்ஹம்துலில்லாஹ். நகலை அர்ஃபா எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். அன்றைக்கு அடுத்த தெருப் பிள்ளை வாசித்ததை நினைத்துக்கொண்டே கேட்டேன். நீங்கள் விட்டுக்கொடுக்காமல் நின்றதில் எனக்குப் பெருமை. சமாதானத்துக்குத் தலையாட்டியிருந்தால் உங்களோடு பேசியிருக்க மாட்டேன்.

நான் வரவில்லை. கோபத்தால் இல்லை. என் தையல் பட்டறையில் இப்போது ஏழு மிஷின் ஓடுகிறது. என்னை நம்பி வருகிற பெண்கள் இருக்கிறார்கள். அதை விடுங்கள், உண்மையைச் சொல்கிறேன். உத்தரவு திருத்தியது பட்டாளம் எழுதியதை. நாம் இருவரும் வீணாக்கிய வருடங்களைத் திருத்த எந்தக் கோர்ட்டும் இல்லை. வெள்ளையடித்த வீட்டில் வந்து உட்கார்ந்து, அவை நடக்காத மாதிரி இருக்க எனக்கு வராது. நீங்கள் வேண்டுமானால் இங்கே வந்துபோங்கள். வெள்ளிக்கிழமை பட்டறைக்கு லீவு. ஜும்ஆ முடித்துவிட்டு வந்தால் சோறு இருக்கும். அண்ணன் முகத்தைச் சுளித்தால் அது அவர் பாடு, இது நான் கட்டிய வீடு.

கல்யாணப் பத்திரிகை இத்துடன் வைத்திருக்கிறேன். பெண்ணின் தகப்பனார் கரீம் பாஷா, முன்னாள் ராணுவம் என்று போட்டிருக்கிறது. உங்கள் உத்தரவு வருவதற்கு முன்பே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டாரிடமும் அப்போதே, இப்படி எழுதியிருக்கிறது, அது பொய், அதற்காகக் கோர்ட்டில் நிற்கிறார் என்று நேராகச் சொன்னேன். அத்னானின் அத்தா, "அதுக்கென்னம்மா, வரட்டும், முன்னால உக்காரட்டும்" என்றார். அந்த இடத்தில் வந்து உட்காருங்கள். உத்தரவு நகலைப் பையில் வைத்துக்கொண்டு வராதீர்கள். அங்கே யாருக்கும் அதைக் காட்ட வேண்டியதில்லை.

நிக்காஹ் மேடையில் ஹஜ்ரத் உங்களைப் பார்த்து, மகளைக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்பார். தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள். நான் திரைக்கு அந்தப் பக்கம், பெண்களோடு இருப்பேன். எனக்குக் கேட்க வேண்டும்.

ரபியா