ஹீலியம் இல்லாமல் ஒரு ரன்

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. லஸ் முனையில் முழங்கால் அளவு தண்ணீர். பஸ்ஸில் குடை போச்சு. அம்மாவிடம் சொல்லவில்லை.

அடையாறு லேபுக்குள் நுழையும் முன்பே என் கைடு சாரின் குரல்: "மைதிலி, மூணாவது கிராஃப் இன்னிக்குள்ள முடிச்சுடு." டிசம்பரோடு ஓய்வு பெறுகிறார். அதற்குள் எங்கள் ஆய்வுப் பேப்பர் பத்திரிகைக்குப் போக வேண்டும். பேப்பர் போனால்தான் என் தீசிஸ். ஃபெல்லோஷிப் ஜூலையிலேயே நின்றுவிட்டது.

என்ன செய்கிறோம் என்று அம்மாவுக்கு ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வெற்றிடத்துக்குள் பெரிய மூலக்கூறுகளை மின்புலத்தால் பிடித்து வைக்கிறோம். அவை சும்மா இராமல் துள்ளும். குளிர்ந்த ஹீலியத்தை உள்ளே விட்டால் அதோடு மோதி மோதித் துள்ளல் அடங்கும். அடங்க அடங்க கிராஃபில் தெரியும் மேடு ஒல்லியாகும். அம்மா கேட்டது: "அடக்கி என்ன பண்ணப் போறேள்?"

ஆனால் எங்கள் மேடு அழகு. இத்தனை பெரிய மூலக்கூறில் இவ்வளவு ஒல்லியாக யாரும் பார்த்ததில்லை என்கிறார் சார்.

நவம்பர் 12, புதன்

ஹீலியம் சிலிண்டர் வரவில்லை. வண்டிக்காரர் தயாளன் அண்ணனுக்கு போன். "வேளச்சேரில இடுப்பளவு தண்ணி கீதும்மா. வண்டி நின்னுகினு கீது. வடிஞ்சதும் கொண்டாரேன்." பழையது காலி.

கை சும்மா இருந்தால் எரிச்சல். ஹீலியம் விடாமலே சோதனையை ஒரு ரன் ஓட்டினேன். மூலக்கூறுகளைப் பிடித்தேன், ஒன்றும் செய்யாமல் காத்திருந்தேன். மேடு அகலமாகத்தான் இருக்க வேண்டும்.

ஒல்லியாக வந்தது. அதே ஒல்லி.

டீ வாங்கினேன். குடிக்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

புரிந்துவிட்டது.

சார் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. எந்த கிராஃபானாலும் உச்சியை 'ஒன்று' என்று வைத்து, எல்லா மேட்டையும் ஒரே உயரத்துக்கு இழுத்துத்தான் வரைவோம். ஒப்பிட வசதி, பார்க்க லட்சணம். உள்ளே எத்தனை மூலக்கூறு மிச்சம் என்பது மட்டும் அதில் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

இன்று இழுக்காமல் வரைந்தேன். மேடு தரையோடு தரையாகக் கிடக்கிறது; உள்ளே பெரும்பாலானவை இல்லை. ஹீலியம் விட்ட பழைய ரன்களிலும் அதே கதை. வேகமாகத் துள்ளியவை எல்லாம் தப்பி ஓடிவிட்டன. ஆரம்பத்திலேயே மெதுவாக இருந்தவைதான் மிச்சம். நாங்கள் எதையும் குளிர்விக்கவில்லை. வருஷக்கணக்காக.

வேகமானவர்கள் எல்லாம் போய்விட்ட லேப்தான் இதுவும். நினைத்தேன், சிரிப்பு வரவில்லை.

வாங்க வேண்டியது: குடை, அம்மா பி.பி. மாத்திரை, மெழுகுவர்த்தி.

நவம்பர் 14, வெள்ளி

சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு ரன்ன வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"பழைய ரன்லயும் அப்படித்தான் சார் இருக்கு."

"பழசுல டிடெக்டர் சரியில்ல. திங்கக்கிழமை இதையே திருப்பிப் பண்ணு. அப்புறம் பேசலாம்."

நியாயம்தான். கத்தவில்லை, விரட்டவில்லை. கிளம்புமுன் அழுத்தமானியைப் பார்த்தேன். வெற்றிடம் கச்சிதம். திங்கட்கிழமை ரன்னுக்குத் தயார்.

நவம்பர் 17, திங்கள்

படியேறும்போதே தெரிந்தது. காற்றை உறிஞ்சும் பம்ப்பின் சத்தம் இல்லை. நான் சேர்ந்ததிலிருந்து அந்த இரைச்சல் இல்லாமல் அந்த அறை இருந்ததில்லை.

வெற்றிடக் கலம் திறந்து கிடக்கிறது. எவர்சில்வர் தட்டில் போல்ட்டுகள் வரிசையாக. சார் கையுறையோடு.

"சின்ன லீக் மாதிரி இருந்துது. நானே திறந்துட்டேன்."

லீக் இல்லை. வெள்ளிக்கிழமை நான்தானே பார்த்தேன். காற்று பட்டுவிட்டால், சூடேற்றி உறிஞ்சிப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்; அதுவரை எந்த ரன்னையும் திருப்பிப் பண்ண முடியாது. அவருக்குத் தெரியாதா? இந்தக் கலத்தைக் கட்டியதே அவர்.

"அப்போ பேப்பர் சார்?"

"அது பாட்டுக்குப் போகும். முதல் பேர் உன்னோடது."

"என் பேர் வேண்டாம் சார்."

"தீசிஸ்ல வேற என்ன வெச்சிருக்கே?"

குரலில் கோபமே இல்லை. துடைத்த போல்ட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து தயாளன் அண்ணன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருகிறார். "இன்னாம்மா, மிசின பிரிச்சுப் போட்டுகினு கீறீங்க? இத்த எங்க வெக்கறது?"

மூலையைக் காட்டினேன்.

நவம்பர் 18, செவ்வாய்

பத்திரிகையிலிருந்து மெயில். சார் நேற்றே அனுப்பிவிட்டிருக்கிறார். மெயிலில் இருப்பது இது: இந்தக் கட்டுரையை எழுதியவர்களில் நீங்களும் ஒருவர். இல்லையென்றால் மட்டும் வியாழனுக்குள் பதில் எழுதவும். எழுதாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களாம்.

எழுதினேன். அழித்தேன். மறுபடி 'என் பேர் வேண்டாம்' என்று எழுதினேன்.

அம்மா: "என்னடி, சாப்டாம உக்காந்துண்டிருக்கே? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"பேப்பர் அனுப்பியாச்சும்மா. என் பேர்தான் முதல்ல."

அவ்வளவுதான் சொன்னேன். அம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர். உடனே படியிறங்கிப் போனாள். கீழ் வீட்டில் அவள் குரல்: "எங்காத்துப் பொண்ணு பேர்தான் முதல்லயாம்!"

மறுபடி அழித்தேன்.

நவம்பர் 20, வியாழன்

மழை விட்டது. துணிகள் இன்னும் காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை. அம்மா கோவிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து சர்க்கரைப் பொங்கல் வைத்திருக்கிறாள். சாப்பிட்டேன். நெய் அதிகம்.

பத்திரிகைக்குப் பதில் எழுத இன்றோடு கெடு முடிகிறது. காலையிலிருந்து மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் செய்யவில்லை.