ஆறு நாளில் தலைமையாசிரியை

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதுவது. வாய் அவளுடையது, கை என்னுடையது, பிழையிருந்தால் இருவருக்கும் பொதுவில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம், அம்மாவின் தலைமைப் பண்புக்கு மட்டும் உடம்பு சரியில்லை. உன் சுகத்துக்கு எழுது, வேளைக்குச் சாப்பிடு என்கிறாள்.

இருபத்திரண்டு வருஷம் கரும்பலகையோடு மல்லுக்கட்டியவளைத் தலைமையாசிரியை ஆக்க ஆறு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். அந்த நாற்காலிக்கு அவள் எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறாள் என்று உனக்கே தெரியும். பயிற்சி கொடுத்தவர் வாழ்நாளில் ஒரு வகுப்பும் எடுக்காதவராம். தலைவர் எந்த வேலையையும் தானே செய்யக் கூடாது, யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்க வேண்டும் என்பது அவர் பாடம். பழகிப் பார்க்க வீடுதானே கிடைத்தது. சட்டைக்குப் பட்டன் தைச்சியா என்று அப்பா கேட்டதற்கு, அதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க என்றாள். அப்பா மூன்று நாள் நினைத்தார். நான்காம் நாள் தானே தைத்துக்கொண்டார், உள்ளே போட்டிருந்த பனியனையும் சேர்த்து.

கடைசி நாள் பரீட்சை. ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் அறையில் ஆறு பேரை உட்காரவைத்து, ஒரு மணி நேரம் இந்தப் பள்ளியை நடத்துங்கள் என்று சொல்லிவிட்டு, பயிற்சியாளர் ஓரமாக உட்கார்ந்து மார்க் போட்டார். ஐந்தாவது நிமிஷம் இரண்டாம் வகுப்பில் ஒரே கூச்சல், டீச்சர் வரவில்லை. மற்ற ஐவரும் குழு அமைத்து, சார்ட்டில் பிரச்சினை என்று எழுதி அதைச் சுற்றிக் கலர் பேனாவால் வட்டம் போட்டார்கள். வட்டம் கோணியதால் இன்னொரு சார்ட். அம்மா எழுந்து போய் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். கூச்சல் இறங்கியது, கூடவே மார்க்கும். பத்துக்கு மூன்று, வேலை வாங்கத் தெரியவில்லை என்று குறிப்பு வேறு. வட்டம் போட்டவர்கள் அத்தனை பேரும் பாஸ்.

மறுநாள் தன் பள்ளிக்குப் போனால், அந்த ஆறு நாளும் இவள் வகுப்புக்கு மாற்று ஆள் யாரையும் போடவில்லையாம். கிளாஸ் லீடராக இருக்கும் பத்து வயசுப் பெண்தான் அட்டெண்டன்ஸ் எடுத்து, சண்டை தீர்த்து, பாடத்தில் பதினோரு பக்கம் வாசிக்க வைத்திருக்கிறாள். எப்படிடி சமாளிச்சே என்று அம்மா கேட்டதற்கு, நீங்க செய்யறதைத்தான் டீச்சர் செஞ்சேன், கத்துறது மட்டும் கொஞ்சம் கம்மி என்றாளாம்.

இப்போது மறுபரீட்சைக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது. நீங்கள் இல்லாதபோது உங்கள் பொறுப்பை ஏற்கத் தகுதியான தலைவர் யார் என்று அதில் ஒரு கட்டம். அந்தப் பெண்ணை எழுதும்மா என்று நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை, பேனாவைப் பிடுங்கி எழுதினாள்: ஐந்தாம் வகுப்பு லீடர், வயது பத்து, பெற்ற பயிற்சி ஏதுமில்லை. கீழே இன்னொரு வரி: கூச்சல் கேட்டால் மறுபடியும் எழுந்து போவேன். நேற்றே தபாலில் போட்டாயிற்று. நாற்காலி போச்சு, அதைப் பத்தி நீ என்ன நினைக்கிறே என்று அப்பா கேட்டார். ஒண்ணும் நினைக்கலை, போய் அஞ்சாங்கிளாஸ் நோட்டைத் திருத்தணும் என்றாள்.

உன்னை அலுவலகத்தில் டீம் லீடர் ஆக்கப்போவதாக எழுதியிருந்தாயே, மகராசியாக ஆகு, நூறு பேரை ஆளு, ஆனால் உன் பட்டனை நீயே தைத்துக்கொள் என்று அம்மா ஆசி சொல்கிறாள். ஊசி அனுப்பியிருக்கிறாள், பார்த்துப் பிரி.

இப்படிக்கு,
உன் அம்மா

(கடிதம் முழுக்க என் கையை ஒடித்துவிட்டுக் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகிறாள். இவளுக்குத்தான் வேலை வாங்கத் தெரியாதாம்.)