சந்து ஜன்னலின் கித்தான் திரை

திருச்சிராப்பள்ளி
14-2-1937

அன்புள்ள ரஷீதா அக்காவுக்கு, சாரா பீவியின் ஸலாம்.

உங்கள் வீட்டுக்காரர் மறைந்து நீங்கள் இருந்த இத்தா முடிந்த மூன்றாம் நாளே நாகூருக்கு, தம்பி வீட்டுக்குப் போய்விட்டீர்களாமே? எதிர்வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எனக்குக் கோபம்தான்.

பினாங்கிலிருந்து வந்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்கு வீடு பங்களா மாதிரி இருக்க வேண்டும். மஞ்சள் சுவருக்குப் பொருத்தமாக எல்லா ஜன்னலுக்கும் பச்சைக் கித்தான் திரை மாட்டினோம். கயிற்றை இழுத்தால் சுருண்டு மேலே போகும். மேற்கே மட்டும் வெட்டிவேர்த் தட்டி. நல்ல ரசனை என்று எல்லாரும் சொல்கிறார்கள். நீங்கள்தான் ஒன்றும் சொல்லவில்லை.

எப்போது வருகிறீர்கள்?

சாரா

நாகூர்
22-2-1937

அன்புத் தங்கை சாராவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

மஞ்சளுக்குப் பச்சை எடுப்பாகத்தான் இருக்கிறது. சமையல்கட்டில் மட்டும் மூங்கில் தட்டி போடு, கித்தானில் புகை ஏறும்.

ஒன்று கேட்கலாமா? நம் சந்தில் வெயிலே இறங்காது. அப்படியிருக்க என் ஜன்னலைப் பார்த்த உன் ஜன்னலில் அந்தத் திரை ஏன் காலையிலிருந்து மாலைவரை இறங்கியே கிடந்தது? வாசல் தாண்டாமல் நான் இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளும் உன் முகம்தான் எனக்கு ஊரும் உலகமும் என்று நினைத்திருந்தேன். நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனாம்மா?

ரஷீதா

திருச்சிராப்பள்ளி
1-3-1937

அக்கா,

நீங்கள் ஒன்றும் பேசவில்லை. பாவம் செய்தவள் நான்.

உங்கள் வீட்டில் மௌத்தாகி மூன்றாம் வாரம் இவர் வந்து இறங்கினார். ஆறு வருஷம் கழித்து வந்தவர். ஒருநாள் என் தலையில் பூ வைத்துவிட்டார். சிரித்துக்கொண்டே திரும்பினால், எதிரே வெள்ளைச் சேலையில் நீங்கள். நீங்களும் சிரித்தீர்கள். கண் பட்டுவிடுமோ என்று நினைத்தேன் அக்கா. எனக்குப் பிரசவம் பார்த்த உங்களைப் பற்றி அப்படி நினைத்தேன்.

“சந்து ஜன்னலுக்கு மூங்கில் தட்டி போதுமே, எதுக்கு இவ்வளவு கனமா?” என்று இவர் கேட்டார். “எல்லாம் ஒரே மாதிரி இருந்தாத்தானே அழகுங்க” என்றேன். அதன்பிறகு உங்கள் வீட்டுப் படியேற எனக்கு முகம் இல்லை.

இன்று அதை நானே கழற்றிவிட்டேன். வந்துவிடுங்கள். வந்து நாலு திட்டு திட்டுங்கள்.

சாரா

நாகூர்
9-3-1937

சாராவுக்கு,

அழாதே. அன்று நான் சிரித்தது உன்னைப் பார்த்த சந்தோஷத்தில்தான். அதை நீ நம்பினால் போதும். உன்னை மன்னித்துவிட்டேன், துஆவும் செய்கிறேன்.

ஆனால் நான் வருவதற்கில்லை. போன வாரமே தம்பி அப்துல் சலாம் என் வீட்டை ஒரு புகையிலை வியாபாரிக்கு வாடகைக்குப் பேசி முடித்துவிட்டான். உன் கடிதம் பத்து நாள் முந்தி வந்திருந்தால் வேண்டாமென்று சொல்லியிருப்பேன்.

அவர்கள் வீட்டில் ஆண்கள் ஐந்து பேர். வெள்ளிக்கிழமை குடிவருகிறார்கள். அதற்குள் அந்தக் கித்தானைத் திரும்ப மாட்டிவிடு.

ரஷீதா