சுவர் எழும்பாத வீடு

2025 ஏப்ரல் 19, சனி

டைல்ஸ் வேலை முடிந்தது. முன்வாசலில் நின்றால் குசினி யன்னல் வரைக்கும் ஒரே பார்வை. கடல்காற்று எங்கும் முட்டாமல் உள்ளே ஓடுகிறது. கொழும்பில் ஆறு வருசம் யார் யாருடைய வீட்டுக்கோ இப்படி வரைந்து கொடுத்தேன். சாய்ந்தமருதில் இதுதான் முதல், அதுவும் தங்கச்சி ஜெனூபாவின் கலியாணத்துக்குக் கட்டும் வீடு. பெருமையாக இருக்கிறது, எழுதினால் என்ன?

மேசன் காலிதீன் காக்கா மூன்றாவது தடவையாகக் கேட்டார். “தம்பி, ஹோலுக்கும் குசினிக்கும் நடுச்சுவரு எப்ப எழுப்புற?”

“எழுப்புறல்ல காக்கா.”

“அப்ப மீன் பொரிக்கிற மணம்?”

“அதுக்கு ஃபேன் இரிக்கி.”

காய்ச்சல்காரனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 26, சனி

நாளைக்கு மருதமுனையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். பிடித்தால் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நாள் குறிப்பார்கள். நான் இரவு போய் டைல்ஸை இன்னொரு தடவை துடைத்துவிட்டு வந்தேன். கலியாணப் பெண் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வந்தார்கள். மாப்பிள்ளை ஸஜாதின் உம்மா லைலா டைல்ஸைத் தடவிப் பார்த்தார், எல்லாப் பைப்பையும் திறந்து பார்த்தார், மாஷா அல்லாஹ் சொன்னார். நான் தூணோடு நின்று பாராட்டுக்குக் காத்திருந்தேன். கடைசியில் வீட்டின் நட்டநடுவில் நின்று எங்கள் உம்மாவிடம் சொன்னார்:

“எல்லாம் நல்லா இரிக்கி மச்சி. அவசரமில்ல. மிச்சச் சுவரையும் கட்டி முடிச்சிட்டுச் சொல்லுங்க, நாள் குறிப்பம். வீடு கட்டுறண்டா லேசா?”

வேலை பாதியில் நிற்கிறது என்று நினைத்து ஆறுதல் வேறு சொல்கிறார்! நான் வாயைத் திறப்பதற்குள் வாப்பா முந்திக்கொண்டார். “ஓம், ஓம், கட்டிருவம்.”

அவர்கள் போன பிறகு வாப்பா என்னிடம், “ஒரு சுவருதானே மனே. ரெண்டு நாள் வேலை” என்றார். சிரிப்பும் வந்தது. கோபம்தான் அதைவிடக் கூட வந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

நம்மூரில் பெண்ணுக்கு வீடு முடிந்தால்தான் கலியாணம். எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை வந்து குடியிருக்கப் போகிற வீடு, முடிந்ததா என்று கேட்பதில் பிழையில்லை. ஆனால் அந்தச் சுவர் எழும்பினால் குசினி இருட்டறைதான். மூன்று மாதம் வரைந்தது எல்லாம் — சும்மாவா?

என்ட வீடா இது? இல்ல. அவள்ட வீடு, அவள்ட கலியாணம். என்ட பிடிவாதத்தால அது நிண்டுபோனா நான் எந்த முகத்தோட அவளப் பாக்கிற?

மே 2, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்தால் முற்றத்தில் கல் இறங்கியிருக்கிறது. வாப்பாவின் வேலை. காலிதீன் காக்கா சுவருக்கு நூல் பிடிக்கத் தயார். அப்போதுதான் உறைத்தது: ஜெனூபாவிடம் டைல்ஸ் நிறம் கேட்டிருக்கிறேன், திரைச்சீலை நிறம் கேட்டிருக்கிறேன், சுவர் வேண்டுமா என்று ஒருநாளும் கேட்கவில்லை. போய்க் கேட்டேன்.

“இப்பயாவது தங்கச்சிட்டக் கேக்கிறீங்களே காக்கா” என்றாள். “நம்மட வீட்டுல உம்மா குசினிக்குள்ள நிண்டு, ஹோல்ல இரிக்கிற ஆக்களோட கத்திக் கத்தித்தானே கதைக்கிறா. எனக்கு அது ஏலா. சுவரு வேணாம்.”

“வெளி ஆம்புளையள் வந்தா?”

“மேல கம்பி ஒண்டு போட்டுத் தாங்க. அவங்க வந்தாத் திரைய இழுப்பன், போனாத் துறப்பன்.”

எத்தனை வரைபடம் வரைந்தேன், எனக்கு இது தோன்றவில்லையே! மாப்பிள்ளை வீட்டுக்கு யார் சொல்வது என்று உம்மா கேட்டு முடிக்கவில்லை, இவளே போனை எடுத்துவிட்டாள்.

“மாமி, வீடு முடிஞ்சிட்டு. இதுதான் வீடு. திரை போடுறம், சுவரு போடல்ல.”

உம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கம், “மகன்ட்டக் கேட்டுச் சொல்றன்” என்று வைத்துவிட்டார்களாம்.

மே 5, திங்கள்

போன் வரவில்லை.

மே 8, வியாழன்

இன்றும் இல்லை. உம்மா என்னோடு கதைப்பதில்லை, சோறு மட்டும் வைக்கிறார். ஜெனூபா வழமைபோல் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போய் வருகிறாள். வந்ததும் போனைத்தான் முதலில் பார்க்கிறாள்.

யா அல்லாஹ், நான் கெடுத்துப் போட்டனா?

மே 11, ஞாயிறு

புது வீட்டில் திரைக்கம்பி பூட்டிக்கொண்டிருந்தேன். ஸஜாத் தன் சாச்சாவோடு வந்து நின்றார். சம்பந்தத்தை முறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து ஏணியிலிருந்து இறங்கினேன். அவர் நேரே குசினிக்குள் நடந்து போய் அடுப்பு மேடை முன்னால் நின்றார். ஏதோ அரிவது போலக் குனிந்து பார்த்தார்.

“மச்சான், இது என்ன உயரம்?”

“முப்பத்திரண்டு அங்குலம். ஜெனூபாட உயரத்துக்கு.”

“எனக்கு இடுப்பு முறியுமே. கட்டார்ல ஆறு வருசம் எங்கட ரூமுக்கு நான்தான் சமையல். ஒரு பக்கத்தயாவது உசத்தித் தர ஏலுமா?”

“அப்ப... சுவரு?”

“உம்மாக்கிட்டச் சொல்லிட்டன். சுவரப் பாத்துக்கிட்டா நான் சமைக்கிற?”

ஊரெல்லாம் பழசு, நான் மட்டும் புதுசு என்று திரிந்தவன் நான். இந்த மேடைக்கு முன்னால் ஒரு ஆண் நிற்பான் என்று எனக்கே தோன்றவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அளவுநாடாவை எடுத்து அவருடைய முழங்கை உயரத்தை அளந்தேன்.

மே 14, புதன்

அடுப்பு மேடையின் வலது பக்கப் பலகைக்கல்லைக் கழற்றி நாலு அங்குலம் உயர்த்தினோம். யாருக்கு என்று காலிதீன் காக்கா கேட்டார். மாப்பிள்ளைக்கு என்றேன். அதே காய்ச்சல்காரப் பார்வையோடு சாந்து குழைக்கப் போனார்.

ஜூன் 29, ஞாயிறு

கலியாணம் முடிந்து ஒரு வாரம். தங்கச்சியும் மச்சானும் இரண்டு வீட்டாரையும் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். உயர்ந்த பக்கத்தில் ஸஜாத் மீன் ஆணம் காய்ச்ச, பதிந்த பக்கத்தில் ஜெனூபா தேங்காய் துருவ, இருவரும் ஹோலில் இருந்த எங்களோடு கதைத்தபடியே வேலை பார்த்தார்கள். ஸஜாத் அகப்பையோடு வந்து, “உம்மா, உப்புப் பாருங்க” என்றார்.

ஸஜாதின் உம்மா நக்கிப் பார்த்தார். “உப்பெல்லாம் சரிதான். எனக்கு ஒரு நாளாவது ஒரு வெங்காயம் உரிச்சுத் தந்திரிக்கியா மகன்?”

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார், ஆனால் கொஞ்ச நேரம் அந்த மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தேன். எங்கள் உம்மா குசினிக்குள் தனியாக நின்றார். நான் உள்ளே போனதும், “ஹோல்ல போய் இரி மனே, தேத்தண்ணி கொண்டாறன்” என்றார்.

நான் போகவில்லை. கூடையிலிருந்து வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினேன்.