சுமையோடு வந்த வண்டி

உம்முடைய வண்டி போன வாரம் என் பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்தவன் உம் மச்சினன். அவன் கதவைத் திறந்ததும் அந்த வாசனை முதலில் இறங்கியது. வாழைக்கறையும் காய்ந்த சருகும் டீசலும் சேர்ந்த வாசனை. பாளையங்கோட்டையில் இத்தனை வருஷமாக வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறேன். கண்ணைக் கட்டி விட்டாலும் உம் வண்டி எது என்று சொல்லிவிடுவேன். நீர் போய் நாலு மாதம் ஆகிறது. சீட்டுக்குப் பின்னால் உம் துண்டு மடித்தபடியே கிடந்தது. அதைத் தொட எனக்குக் கை வரவில்லை.

உமக்கும் எனக்கும் நடுவில் அந்த வண்டியின் கோளாறு ஒன்று தீராமலே கிடந்தது. சேரன்மகாதேவிப் பக்கத்து வயல்களில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மண்டிக்கு வருவீர். வழியில் பிரேக்கை மிதித்தால் பின்னால் பிரேக் விளக்கு எரியாது, அதற்குப் பதில் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். ஒருநாள் ஆற்றுப் பாலத்தில் பின்னால் வந்த பஸ் முட்டுகிற மாதிரி வந்து நின்றதாகச் சொன்னீர். மண்டியில் தாரை இறக்கிவிட்டு நேராக என்னிடம் வருவீர். வந்து பார்த்தால் எல்லா விளக்கும் சமர்த்தாக எரியும். கோளாறைச் சொல்வதில் உமக்கென்று ஒரு பாணி உண்டு.

"வீட்டுல மாமியாரும் மருமகளும் அடிச்சுக்கிடுவாக. வெளியாள் வந்துட்டா வாயே தொறக்க மாட்டாகள்லா, அந்தக் கதைதான்வே இது. உம்மக் கண்டா வண்டி கமுக்கமாயிருது."

நான் டெஸ்ட் லாம்ப்பை எடுப்பேன். ஒரு சின்ன பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான் என் தொழில். ஒரு முனையைப் பாட்டரியில் மாட்டி, மறு முனையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பியூஸைப் பார்த்தேன், சுவிட்சைப் பார்த்தேன், பல்பு மாட்டும் கிண்ணத்தைச் சுரண்டினேன், எர்த் ஒயரைத் தொட்டேன். எங்கு தொட்டாலும் பளிச்சென்று எரிந்தது. மூன்று முறை வந்தீர், மூன்று முறையும் ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாவது முறை எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "கோளாறு வண்டியில இல்லவே, உம்ம மண்டையிலதான்" என்றேன். அங்கே நின்ற டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீரும் சேர்ந்து சிரித்தீர். அதன்பிறகு இல்லாத கோளாறைச் சொல்லி எவன் வந்தாலும் உம் பேரைச் சொல்லிக் கேலி செய்வது டிரைவர்களுக்குள் வழக்கமாகிவிட்டது. அதைத் தொடங்கி வைத்த புண்ணியவான் நான்.

என் பட்டறைச் சுவரில் சிவப்பு பெயின்டில் நானே எழுதி வைத்திருந்தது உமக்கு நினைவிருக்கும். 'சுமையோடு வண்டி உள்ளே வரக்கூடாது.' முன்பு ஒருமுறை சிமெண்ட் மூட்டையோடு நின்ற வண்டி ஜாக்கியிலிருந்து சறுக்கி என் கால்மேல் இறங்கியது. இடது காலில் இரண்டு விரல் இன்றும் வளைந்துதான் இருக்கிறது. வலி போன பிறகும் பயம் போகவில்லை. பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு, அதைச் சட்டமாக்கிச் சுவரில் எழுதிவிட்டேன். ஊரே அதற்குக் கட்டுப்பட்டது. நீரும் கட்டுப்பட்டீர்.

சித்திரை வெயிலில் ஒருநாள் மட்டும் மீறினீர். தாரோடு பட்டறை வாசலுக்கே வந்து நின்றீர்.

"இப்பம் பாரும்வே. லோடு ஏறுனாத்தான் வருது, எறக்குனா போயிருது. இப்பம் கோளாறு கையிலயே இருக்கு."

நான் சுவரைக் காட்டினேன். "எழுதிப் போட்டிருக்கது கண்ணுல தெரியலையா?"

"வாசல்ல வச்சே ஒரு பார்வை பாத்துரும்."

"அடியில படுத்துதான் பாக்கணும். இத்தன தாரையும் தலைக்கு மேல வச்சுக்கிட்டு நான் படுக்க மாட்டேன். எறக்கும்."

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தாராக இறக்கி, எதிரே வேப்பமரத்தடியில் சருகு விரித்து அடுக்கினீர். நான் உள்ளே இன்னொரு வண்டியின் டைனமோவைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு கை கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இறக்கி முடித்து வண்டியை உள்ளே விட்டீர். எல்லா விளக்கும் எரிந்தது. நான் உம்மைப் பார்த்தேன், நீர் தரையைப் பார்த்தீர். பிறகு அத்தனை தாரையும் திரும்ப ஏற்றினீர்.

ஏற்றி முடித்து என் பட்டறைப் படியில் உட்கார்ந்தீர். முகமெல்லாம் வியர்வை. நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னீர்: "தூக்கும்போது இங்கன பிடிக்குதுவே. எறக்கி வச்சுட்டா சரியாயிருது."

"வாயுவா இருக்கும். ஒரு பன்னீர் சோடா குடியும். ஏப்பம் வந்தா போயிரும்."

சோடாவை நானே வாங்கிக் கொடுத்தேன். குடித்தீர், ஏப்பமும் வந்தது. "வைத்தியரே, விளக்கு வேலைய விட்டுட்டு இதப் பாரும், நல்லா ஓடும்" என்று என்னைக் கேலி செய்துவிட்டு வண்டியை எடுத்தீர். நான் பேசிய பேச்சுக்கெல்லாம் உம்மால் எப்படித்தான் சிரிக்க முடிந்ததோ.

வைகாசியில் வயலோரத்தில் தார் ஏற்றிக்கொண்டிருந்த நீர் அப்படியே உட்கார்ந்தீராம், பைய ஒரு பக்கமாகச் சாய்ந்தீராம். பாதி ஏற்றிய தாரோடு உம் வண்டியிலேயே உம்மை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேருமுன் நீர் போய்விட்டீர்.

பதினாறு முடிந்த அன்று உம் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள். உம்மை மாப்பிள்ளையாகப் பார்க்குமுன்பே என்னை அண்ணன் என்று அழைத்தவள், உமக்குத் தெரியும். "அண்ணே, நெஞ்சு வலின்னு உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாகளா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயைத் திறந்ததும் அதுதான் வந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். நாலு மாதமாக அந்த ஒரு சொல் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை.

இப்போது உம் மச்சினன்தான் வண்டி ஓட்டுகிறான். என் பட்டறைக்குப் புதியவன். சுவரைப் படிக்காமலே, வாழைத்தாரோடு நேரே உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டான். ஏசுவதற்கு வாயெடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனேன். அப்போது அவன் பிரேக்கை மிதித்திருந்தான். என் கண்ணுக்கு முன்னால் இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தது, நீர் சொன்ன மாதிரியே. "காலை எடுக்காதல, அப்படியே இரு" என்று மட்டும் சொன்னேன்.

நாலு பக்கமும் தடிமனான மரக்கட்டைகளை அண்டக் கொடுத்துவிட்டு, உம் சுமைக்கு அடியில் நானே படுத்தேன். பின் விளக்குகளின் எர்த் ஒயர் வண்டிச் சட்டத்தில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கையால் இழுத்தேன், மெத்தென்று நீண்டது. மேலுறை முழுசாக இருந்தது. கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் அத்தனையும் அறுந்து பச்சை பூத்துக் கிடந்தன. சுமை ஏறினால் சட்டம் கொஞ்சம் வளையும், ஒயர் இழுபடும், அறுந்த முனைகள் விலகும். இறக்கிவிட்டால் மறுபடி தொட்டுக்கொள்ளும். காலி வண்டியை ஆயுசு முழுக்கப் பார்த்திருந்தாலும் எனக்கு அகப்பட்டிருக்காது.

சுமை ஏறினால் வருகிறது, இறக்கினால் போய்விடுகிறது. இரண்டு கோளாறையும் நீர் ஒரே மாதிரிதான் என்னிடம் சொன்னீர். இரண்டையும் நான் காதில் வாங்கவில்லை. அடியில் படுத்தபடியே அழுதேன். மச்சினன் மேலிருந்து கேட்டான்: "கெடச்சுதா அண்ணாச்சி?" "கெடச்சுட்டுல" என்றேன்.

அவன் மண்டியில் தாரை இறக்கிவிட்டு வந்தபின், சாயங்காலம் நானும் அவனோடு உம் வீட்டுக்குப் போனேன். உம் மனைவி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அறுந்த ஒயரைப் பற்றித் தம்பி சொன்னதும், சுளகைக் கீழே வைத்துவிட்டு முதலில் கேட்டது இதைத்தான்: "அவுக சொன்ன கோளாறு நெசமாவே இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சும்மா. அவரு சொன்ன மாதிரியே இருந்துச்சு."

"எல்லாரும் சிரிக்காகன்னு ரொம்ப வெசனப்பட்டாக. வெளிய காட்டிக்கிட மாட்டாக."

எனக்கு அதுவும் தெரியாது. அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சித்திரை வெயிலில் உம்மைத் தாரை இறக்க வைத்தது, ஏற்ற வைத்தது, நெஞ்சைத் தடவியது, சோடா வாங்கிக் கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னைக்கு இல்லன்னு சொன்னது பொய்யிம்மா" என்றேன். ஏசுவாள், ஏசட்டும் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

கீழே வைத்த சுளகில் கிடந்த உளுந்தை விரலால் அளைந்தாள். பிறகு சொன்னாள்: "எங்கிட்டயும் சொன்னாகண்ணே. நான் சுக்குத் தட்டிப் போட்டுக் குடுத்தேன். சரியாப் போச்சுட்டின்னு சொல்லிட்டுத்தான் லோடுக்குப் போனாக."

அன்று என்னை ஏன் அப்படிக் கேட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன்னிடம் மட்டும்தான் சொன்னீரோ, தான் ஒருத்திதான் விட்டுவிட்டாளோ என்று இத்தனை நாள் தனியாகக் கிடந்து வெந்திருக்கிறாள். நான் அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தாவது அழுதிருப்போம். நாலு மாதம் பிந்தி அன்றைக்கு அழுதோம். உம் மச்சினன் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நின்றான்.

அறுந்த ஒயர்த் துண்டை டெஸ்ட் லாம்ப்போடு அதே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். சுவரில் இருந்ததைச் சுண்ணாம்பு அடித்து அழித்துவிட்டேன். இரண்டு கை அடித்தும் சிவப்பு லேசாகத் தெரிகிறது. இன்று காலை ராதாபுரம் பக்கத்து டிரைவர் ஒருவன் செங்கல் லோடோடு வந்து வாசலில் தயங்கி நின்றான்.

"எறக்கிட்டு வரட்டா அண்ணாச்சி?"

"வேண்டாம்ல. அப்படியே உள்ள கொண்டா" என்றேன்.

உம்மிடம் நான் அந்த வார்த்தையை ஒருநாளும் சொல்லவில்லை.